சத்தூசியின் சரித்திரம்

கோலா கங்சார்ப் பட்டணத்தில், மாவட்டக் காரியாலயத்தின் அருகே, வேலியிட்டுக் காக்கப்பெற்று நிற்கும் முதிய ரப்பர் மரத்தை நம் வாசகருட் பலர் கண்டிருப்பர். 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்து சேர்ந்த இருபத்திரண்டு கன்றுகளுள் ஒன்பது இவ்வூருக்குக் கொணரப்பட்டு, அந்நாளில் பேராக் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ என்பாரின் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றின் காலத்து மரமே இஃது என்று ஊரார் கூறுவர். அக்கன்றுகளுக்குப் பின்னரே காடுகள் அழிந்து தோட்டங்களாயின. தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமென்று கப்பல்கள் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் சென்றன. நம் பாட்டன்மார் மலாய் மண்ணில் கால் வைத்தனர். ஆனால் மரத்தின் சரித்திரத்தை எழுதுவது இன்று நம் கருத்தன்று. மரத்தில் பால் வெட்டிய மனிதரின் தேகத்தைப் பற்றியும், அத்தேகத்துக்குப் பலம் தருவதாகக் கூறி விற்கப்பட்ட ஒரு மருந்தைப் பற்றியுமே இங்குக் கூறப் புகுந்தோம்.

இதற்குக் காரணம் ஓர் இளைஞர். சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில், அம்மரத்துக்குச் சற்றுத் தொலைவிலுள்ள தேநீர்க் கடையில் நாம் அமர்ந்திருந்தபோது, நமக்கு முன்னரே அறிமுகமான பையன் ஒருவர் வந்து அருகில் அமர்ந்தார். அவருடைய பாட்டனார் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட பின்னர் குடும்பம் பட்டணத்துக்குக் குடியேறியது. பையன் பண்டகசாலையொன்றில் மூட்டை தூக்கும் வேலை பார்க்கிறார். மாலையில் உடற்பயிற்சிக் கூடம் செல்கிறார். சட்டைப் பையிலிருந்து சிறு கண்ணாடிக் குப்பியொன்றை எடுத்து மேசைமீது வைத்து, “அண்ணே, இது சத்தூசி. வாரம் ஒன்று போட்டால் போதுமாம். அந்தக் காலத்தில் தோட்டத்து டிரெசர் தாத்தாவுக்குப் போட்ட ஊசி மாதிரிதான் என்கிறார்கள், போடலாமா?” என்று வினவினார். குப்பியின்மேல் நாண்ட்ரோலோன் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. அப்பொழுது நாம் கூறிய விடை அவருக்குத் திருப்தி அளிக்கவில்லை. எழுதியே காட்டுகிறோம் என்று வாக்களித்தோம். அவ்வாக்கை இப்பொழுது நிறைவேற்றுகிறோம்.

முதலில் பாட்டனாரின் தேகநிலையைப் பார்ப்போம். 1911-ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் நாடுகளின் தோட்டங்களில் ஓராண்டில் இறந்தோர் தொகை ஆயிரவர்க்கு அறுபதுக்கு மேற்பட்டிருந்தது. போர்க்களத்திலன்றி வேறெங்கும் இத்தகைய அழிவைக் காண்டல் அரிது. உயிர் பிழைத்தவரோ வெளுத்த நாக்கும், வீங்கிய வயிறும், நாலடி நடந்தால் மூச்சுவாங்கும் மார்பும் உடையவராய்ப் பெரட்டுக்களத்தில் நின்றனர். துரைமார் அவர்களைச் சோம்பேறிகள் என்றனர்; கங்காணிமார் கள்ளின் மேல் பழி போட்டனர். தங்கள் இரத்தம் ‘சுண்டிப் போயிற்று’ என்று கூறிய கூலிகளே உண்மைக்குக் கிட்ட நின்றவர்கள்.

இரத்தம் சுண்டியதற்குக் காரணம் என்ன? மலேரியா முதற்காரணம். மலைச்சாரலில் காட்டை அழித்து ஓடைகளின்மேல் வெயில் படும்படி செய்தபோது, அவ்வெயில் பட்ட தெளிநீரில் பெருகும் ஒரு வகைக் கொசு தோட்டங்களைச் சூழ்ந்தது. காட்டு நிழலில் அக்கொசு இல்லை. தோட்டக்காரரே அதனை வரவழைத்தனர். 1901-ஆம் ஆண்டு தொடங்கிக் கிள்ளான் பகுதியில் மால்கம் வாட்சன் என்னும் வைத்தியர் சதுப்பு நீரை வடித்து நோயைக் குறைத்துக் காட்டினார். மலைச்சாரல் தோட்டங்களுக்கு நிலத்தடிக் குழாய்களும், நீரின்மேல் எண்ணெய் தெளித்தலும் வேண்டியிருந்தன. இரண்டாவது காரணம் கொக்கிப் புழு. செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்து உள்ளே புகும் இப்புழு, குடலைப் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். பெரிய வகைப் புழு நூறு ஒருவர் குடலில் இருப்பின் நாளொன்றுக்கு ஏறக்குறைய இருபது மில்லிலிட்டர் இரத்தம் போகும். 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் ஸ்தாபனம் அனுப்பிய டார்லிங், பார்பர், ஹாக்கர் என்னும் மூவர் மலாய் நாட்டிலும், ஜாவாவிலும், பிஜித் தீவிலும் ஆராய்ந்து, மலேரியாவும் கொக்கிப் புழுவும் சேர்ந்து கூலிகளின் இரத்தத்தைக் குறைக்கும் விதத்தை 1920-இல் வெளிவந்த நூலில் விளக்கினர். கழிப்பிடமும் செருப்பும் இல்லாத குற்றமே ‘சோம்பேறி’ என்னும் பெயரில் நம்மவர் தலையில் சுமத்தப்பட்டிருந்தது.

இங்கே ஒரு வியப்பான விஷயத்தையும் குறிப்பிட வேண்டும். அக்காலத்து மலாயாவில் பெரிபெரி என்னும் நோயால் சுரங்கங்களில் உழைத்த சீனர் ஆயிரக்கணக்காக மடிந்தனர். தமிழரை அந்நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. நம் தெய்வங்களின் அருளென்று சிலர் கூறியிருப்பர். உண்மை யாதெனில், சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. நெல்லைப் புழுக்கும்பொழுது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் ஊறி நின்றுவிடுகிறது. பிராடன் என்னும் வைத்தியர் இவ்வேறுபாட்டைக் கண்டு எழுதினார். 1905-இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் என்பார் ஒரு பகுதியார்க்குப் பச்சரிசியும், மற்றொரு பகுதியார்க்குப் புழுங்கலரிசியும் அளித்துச் சோதித்தார். பின்னர் பிரேசரும் ஸ்டாண்டனும் அதனை ஐயமறத் தெளிவாக்கினர். நம் பாட்டிமார் நெல் புழுக்கிய அண்டாவே நம்மவர்க்குச் சத்து மருந்தாக இருந்தது.

ஆகவே தோட்டத்து டிரெசர் பாட்டனாருக்குப் போட்ட ஊசி எதுவாயினும், அவருடைய நோய் புழுவும் கொசுவும் பட்டினியும் ஆகும். பையனின் குப்பியில் உள்ள பொருளோ வேறொரு வழியில் வந்தது. அவ்வழி நம் மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது என்று கூறினால் வாசகர் நகைக்கக் கூடும். காளைக்கன்றுக்குக் காயடித்தால் அதன் திமிலும் முரட்டுத்தனமும் குறைந்து உழவுக்கு அடங்கும் என்பதை நம் உழவர் அறிவர். விரையிலுள்ள ஏதோ ஒன்று திமிலையும் கழுத்தையும் வளர்க்கிறது என்பது இதனால் விளங்கும். ஆனால் அந்த ஏதோ ஒன்று யாது என்று எவரும் வினவவில்லை. 1849-இல் ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரத்துப் பெர்த்தோல்டு என்பார் அதனை வினவினார். சேவல்களின் விரையை நீக்கிவிட்டுச் சிலவற்றின் வயிற்றுக்குள் மீண்டும் பதித்தார், பதித்தவை கூவின, சண்டையிட்டன, கொண்டை வளர்ந்தது, பதியாதவை வாடின. நரம்பு அறுபட்டும் அப்பொருள் வேலை செய்ததால், அஃது இரத்தத்தின் வழியே செல்லும் ஒரு நீர் என்பது புலப்பட்டது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், நம்மவரும் கரும்பு வெட்டச் சென்ற மோரீசுத் தீவில் பிறந்த பிரௌன் செக்கார் என்னும் பேர்பெற்ற வைத்தியர், தம் எழுபத்திரண்டாம் வயதில், பாரிஸ் நகரத்து அறிஞர் சபையில் எழுந்து, நாயினுடைய விரையையும் கினிப்பன்றியினுடைய விரையையும் பிழிந்த சாற்றைத் தமக்குத் தாமே ஊசி மூலம் செலுத்திக்கொண்டதாகவும், இளமைப் பலம் மீண்டதாகவும் அறிவித்தார். அது 1889-ஆம் ஆண்டு. உலகெங்கும் அச்சாறு விற்பனையாயிற்று. அப்பொருள் நீரில் கரைவதன்று என்பதும், அவர் ஊசியில் அது பெரும்பாலும் இல்லை என்பதும் பின்னரே தெரிந்தன. அவர் பெற்ற பலம் நம்பிக்கையின் பலம். தாயத்துக் கட்டிக்கொண்டு பேய் ஓடிற்று என்று கூறும் நம் ஊராரை இனி எவரும் தனித்துப் பழிக்க வேண்டுவதில்லை; பாரிஸ் நகரத்திலும் அஃது உண்டு.

மெய்யான பொருளைப் பிரித்தெடுத்தல் பெரும்பாடாயிற்று. 1927-இல் சிகாகோ நகரத்தில் கோக் என்பாரும், மக்கீ என்னும் மாணவரும் கசாப்புச் சாலைகளிலிருந்து நாற்பது ராத்தல் காளை விரையைப் பெற்று, அதிலிருந்து இருபது மில்லிகிராம் சாரத்தை எடுத்தனர். 1931-இல் ஜெர்மனியின் பூட்டனாண்ட், பதினையாயிரம் லிட்டர் சிறுநீரைக் காய்ச்சிப் பதினைந்து மில்லிகிராம் தொடர்புடைய பொருளைக் கண்டார். அச்சிறுநீரைத் தந்து உதவியவர் போலீஸ்காரர்கள் என்பது சரித்திரத்தில் பதிவாகியுள்ளது. போலீஸ்காரர் உலகுக்குச் செய்த உபகாரங்களுள் இதனையும் சேர்த்துக்கொள்ளலாம். 1935-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து லாக்கர் என்பாரின் குழுவினர், நூறு கிலோ காளை விரையிலிருந்து பத்து மில்லிகிராம் எடுத்து, டெஸ்டோஸ்டெரோன் என்று பெயரிட்டனர். அதே ஆண்டில் பூட்டனாண்டும், ஸுவிட்சர்லாந்தின் ருஜிக்காவும் தனித்தனியே கொலஸ்டிரால் என்னும் கொழுப்பிலிருந்து அதனைச் செயற்கையாகச் செய்துவிட்டனர். 1939-இல் அவ்விருவர்க்கும் நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது.

நமக்கு வேண்டிய விஷயம் அதே 1935-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்தில் கண்டறியப்பட்டது. கோச்சாக்கியன் என்னும் இளைஞர் காயடித்த நாய்களுக்கு இச்சாரத்தைக் கொடுத்து, அவற்றின் சிறுநீரில் வெளியாகும் நைட்ரஜனை அளந்தார்; அது குறைந்தது. நைட்ரஜன் தசைக்குரிய புரதத்தின் உறுப்பாகும். அது வெளியேறாமல் தேகத்தில் நின்றது என்றால் தசை கட்டப்படுகிறது என்பது பொருள். சத்தூசியின் தத்துவம் முழுவதும் இதனுள் அடங்கிவிட்டது. வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இம்மருந்து புரதத்தைப் படைப்பதன்று; உண்ட புரதத்தை நிறுத்தி வைப்பதே அதன் தொழில். கொத்தனாரை மிகுதியாக அமர்த்தலாம். செங்கல் வராவிடின் அவர் எதைக் கட்டுவார்?

டெஸ்டோஸ்டெரோனுக்கு இரண்டு தொழில் உண்டு. தசையை வளர்ப்பது ஒன்று. மீசை, தடித்த குரல் முதலிய ஆண் குறிகளைத் தோற்றுவிப்பது மற்றொன்று. முன்னதை வைத்துப் பின்னதை நீக்கிவிட வேண்டுமென்று 1950-க்குப் பின்னர் இரசாயன நிபுணர் போட்டியிட்டு உழைத்தனர். மெத்தாண்டியனோன், நாண்ட்ரோலோன் ஊசி, ஆக்ஸிமெத்தலோன், ஸ்டானசோலோல், ஆக்ஸாண்ட்ரோலோன், எத்திலெஸ்ட்ரெனால் என்று மருந்துகள் வரிசையாக வந்தன. ஒன்றிலேனும் பின்னதை முற்றும் நீக்க முடிந்ததில்லை. அன்றியும், மாத்திரையாக விழுங்கத்தக்கதாய்ச் செய்யும்பொருட்டு அணுவமைப்பில் செய்த மாற்றம் கல்லீரலுக்குக் கேடாயிற்று. மஞ்சட் காமாலை, கல்லீரலுள் இரத்தம் தேங்கிய பைகள், கட்டிகள் ஆகியவை மாத்திரை உண்டோரிடம் காணப்பட்டன.

மருந்து செய்தாயிற்று, நோயாளி எங்கே? இக்கேள்விக்குக் கம்பெனிகள் கண்ட விடையே இச்சரித்திரத்தின் கறுப்பு ஏடு. அதனைக் கூறுமுன் ஒரு பெண்மணியைப் பற்றிக் கூறியாக வேண்டும்.

சிசிலி வில்லியம்ஸ் ஜமைக்காத் தீவில் 1893-இல் பிறந்தவர். வைத்தியம் கற்று, இன்று கானா எனப்படும் ஆப்பிரிக்கப் பிரதேசத்தில் 1929 முதல் பணியாற்றியவர். அங்கே கால் வீங்கி, முடி செம்பட்டையாகி, தோல் உரிந்து இறக்கும் குழந்தைகளைக் கண்டார். மற்ற வைத்தியர் அதனை வேறு நோயென்று எண்ணியிருந்தனர். வில்லியம்ஸோ தாய்மாரை வினவினார். அவர்கள் அதற்குக் குவாஷியோர்க்கர் என்று பெயர் கூறினர். அடுத்த குழந்தை பிறந்தவுடன் தாய்ப்பாலிலிருந்து விலக்கப்பட்ட குழந்தையின் நோய் என்பது அச்சொல்லின் கருத்து. புரதமற்ற கஞ்சியே காரணமென்று கண்டு 1933-இலும் 1935-இலும் எழுதினார். இன்று வைத்திய நூல்கள் யாவும் அந்நோயை அத்தாய்மார் இட்ட பெயராலேயே வழங்குகின்றன.

1936-இல் அவர் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டார். இங்கும் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தன; ஆனால் காரணம் வேறு. டின்னில் அடைத்த இனிப்புக் கட்டிப்பால் குழந்தைக்கு ஏற்றதென்று விளம்பரங்கள் கூறின, தாய்மார் நம்பினர். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், கனவான்கள் விருந்துண்ணும் கூட்டத்தில், ‘பாலும் கொலையும்’ என்னும் தலைப்பில் அவர் பேசினார். தவறான பால் விளம்பரத்தால் நேரும் குழந்தை மரணங்களைக் கொலையென்றே கருத வேண்டும் என்று அவர் அச்சபையில் கூறியது சிறிய துணிவன்று. இரண்டாண்டுக்குப் பின் ஜப்பானியர் வந்தபொழுது திரெங்கானுவிலிருந்து தப்பிச் சிங்கப்பூர் சேர்ந்து, சாங்கிச் சிறையில் மூன்றரை ஆண்டுகள் அடைபட்டு, அவர்களது இராணுவப் போலீஸாரின் கொடுமையையும் அனுபவித்து உயிர் மீண்டார். 1948-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் தாய் சேய் நலப் பகுதிக்கு முதல் தலைவரானார். மரவள்ளிக் கிழங்கைத் தின்று அந்த யுத்த காலத்தைக் கடந்த நம் தோட்ட மக்கள், அவர் எழுதிய நோயின் இலக்கணத்தைத் தங்கள் குழந்தைகளின் முகத்திலேயே பார்த்தனர்.

மெலிந்த குழந்தைக்கு வேண்டியது யாது என்பது ஆகவே யாவர்க்கும் முன்னரே தெரிந்திருந்தது. பால், முட்டை, பருப்பு, மீன், புழுவுக்கு மருந்து, தூய நீர். இவை தெரிந்திருந்தும் 1970-களில் ஆசியாவிலும், ஆப்பிரிக்காவிலும் வைத்தியரிடம் பரப்பிய பிரசுரங்களில், குழந்தையின் பசியின்மைக்கும், எடைக்குறைவுக்கும், போஷணைக் குறைவுக்கும் தசை கட்டும் மருந்துகள் ஏற்றவை என்று கம்பெனிகள் சில எழுதின. நாவில் விடத்தக்க சொட்டு மருந்தாகவும் விற்றன. இதே மருந்தை இங்கிலாந்திலும், அமெரிக்காவிலும் விற்கும்பொழுது அச்சிட்ட எச்சரிக்கைகள் ஏழை நாட்டுப் பிரசுரங்களில் மறைந்துபோயின. 1979-இல் லண்டனில் சார்லஸ் மெடாவர் எழுதிய நூலும், 1982-இல் ஆக்ஸ்பாம் சங்கத்தார்க்காக டையானா மெல்ரோஸ் எழுதிய நூலும் இவ்விதமான இரட்டை நாக்கை அம்பலப்படுத்தின.

இதன் கொடுமை எத்தன்மையது என்பதைச் சற்று நின்று நோக்குவோம். பசித்த குழந்தையின் தேகம் வளர்ச்சியைத் தானே நிறுத்திக்கொள்கிறது. உள்ள சிறு உணவை உயிர் காக்கச் செலவிடுகிறது. அத்தேகத்தில் இம்மருந்தைச் செலுத்தினால் சில நாட்களுக்கு எடை கூடலாம். நீர் தங்குவதாலும் கூடும். தாய் மகிழ்வாள், இன்னொரு குப்பி வாங்குவாள். ஆனால் குழந்தையின் நீண்ட எலும்புகளின் நுனியில் வளர்ச்சிக்கென்று குருத்தெலும்பு உண்டு. இம்மருந்து அதனைக் காலத்துக்கு முன்னரே கெட்டிப்படுத்தி மூடிவிடவல்லது. மூடியபின் எத்தனை பால் ஊட்டினும் உயரம் கூடாது. வளர்த்தி தரும் என்று வாங்கிய மருந்து குழந்தையைக் குள்ளமாக்கிவிடும். பெண் குழந்தையாயின் குரல் தடிக்கும், முகத்தில் மயிர் அரும்பும். மருந்தை நிறுத்தினாலும் குரல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இத்தனைக்கும் அக்குப்பியின் விலை பல நாள் முட்டைக்கும் பாலுக்கும் போதுமானது. கையிலிருந்த உணவுப் பணத்தையும் அது பறித்துக்கொண்டது.

எதிர்ப்பு எழுந்த இடங்களுள் ஒன்று நமக்கு அண்மையது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். பினாங்கில் பயனீட்டாளர் சங்கம் எஸ். எம். முகமது இத்ரீஸ் தலைமையில் வளர்ந்திருந்தது. அதன் ‘பயனீட்டாளர் குரல்’ தமிழிலும் வெளிவந்து தோட்டங்கள்வரை சென்றது. உலகப் பயனீட்டாளர் சங்கங்களின் ஆசியக் காரியாலயமும் பினாங்கிலேயே இயங்கிற்று. அதனை நடத்திய அன்வார் பாசல் 1978-இல் அவ்வுலகச் சங்கத்துக்கே தலைவரானார். 1981-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெனிவா நகரத்தில், குழந்தைப் பால் விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சர்வதேச விதி நிறைவேறியது. அதே மாதத்தில் அங்கேயே, மருந்துக் கம்பெனிகளின் தவறான விற்பனையைக் கண்காணிக்கும் சர்வதேசக் கூட்டணியும் தோன்றிற்று. வில்லியம்ஸ் சிங்கப்பூரில் தொடங்கிய வாதம் நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் பினாங்குக்காரர் வாயிலாக ஜெனிவாவில் ஒலித்தது என்று கூறினால் மிகையன்று.

அண்டை நாடுகளும் வாளாவிருக்கவில்லை. இலங்கையில் பேராசிரியர் சேனக பிபிலே 1971-இல் தொடங்கிய அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனத்தின் மூலம், இறக்குமதியாகும் மருந்துகளை ஏறக்குறைய 2100-இலிருந்து 600 ஆகக் குறைத்தார். வங்காள தேசம் 1982-இல் வேண்டாத மருந்துகள் ஏறக்குறைய 1700-ஐ நீக்க ஆணையிட்டது. மலேசியாவில் 1984-ஆம் ஆண்டின் விதிகளின்படி ஒவ்வொரு மருந்தும் பதிவு பெற்றே விற்கப்பட வேண்டும் என்பது சட்டமாயிற்று. மெத்தாண்டியனோன் மாத்திரையை அதனைச் செய்த கம்பெனியே 1983-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது.

இவ்வளவும் கூறியதனால், இம்மருந்து முழுவதும் நஞ்சென்று வாசகர் எண்ணிவிடலாகாது. அவ்வாறு எண்ணுவதும் ஒரு மூடநம்பிக்கையே. எலும்பு மஜ்ஜை வறண்டு இரத்தம் ஊறாது நிற்கும் ஒரு கொடிய சோகை உண்டு. கொக்கிப் புழுவினால் வரும் சோகையன்று இது. இரும்புச் சத்தினால் தீராதது. 1959-இலும் 1961-இலும் பாஸ்டன் நகரத்துக் குழந்தை வைத்தியர் ஷாஹிதியும், டயமண்டும் டெஸ்டோஸ்டெரோன் கொடுத்துச் சில குழந்தைகளுக்கு இரத்தம் மீண்டும் ஊறச் செய்தனர். அதுவரை அக்குழந்தைகளுக்குச் சாவைத் தவிர வேறு கதி இருந்ததில்லை. குரல் தடித்தாலும் உயிர் இருந்தது. அத்தகைய இடத்தில் தாய்மார் எதைத் தேர்ந்தெடுப்பர் என்று கூறவும் வேண்டுமோ? பின்னர் எலும்பு மஜ்ஜையை மாற்றிப் பதிக்கும் சிகிச்சை வந்தது. தமிழ்நாட்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1986-இல் அதனைத் தொடங்கிற்று. அச்சிகிச்சைக்குப் பொருத்தமானவர் கிடைக்காதவர்க்கும், செலவைத் தாங்க இயலாதவர்க்கும், பரம்பரையாய் மஜ்ஜை தேயும் சில நோயாளிக்கும் இவ்வின மருந்துகள் இன்றும் பயன்படுகின்றன. 2016-இல் அமெரிக்க வைத்தியர் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், டனசோல் என்னும் உறவு மருந்து அத்தகைய நோயாளிகளுக்கு இரத்தப் பெருக்கம் அளித்தமை காட்டப்பட்டுள்ளது.

சிறுநீரகம் கெட்டு இயந்திரத்தின் உதவியால் வாழ்வோர்க்கு இரத்தம் குறையும். அவர்கட்கும் நாண்ட்ரோலோன் ஊசியே சில காலம் துணையாக இருந்தது. 1989-இல் எரித்ரோபொயட்டின் என்னும் மருந்து விற்பனைக்கு வந்ததும் அத்தேவை பெரும்பாலும் மறைந்தது. தீப்பட்டுத் தேகம் உருகியவர்க்கு ஆக்ஸாண்ட்ரோலோன் கொடுத்து வந்தனர். அமெரிக்க அரசாங்கம் 2023-இல் அம்மருந்தின் அனுமதியையும் திரும்பப் பெற்றுவிட்டது. ஒரு காலத்தில் நன்றென்று தோன்றியதை மறு காலத்தில் அளந்து பார்த்துக் கைவிடுதல் வைத்திய சாஸ்திரத்துக்கு இழுக்கன்று. சோதிடத்தில் அவ்வழக்கம் இல்லை.

இனி, பையனின் குப்பிக்கு வருவோம். இரும்புக் குண்டு தூக்குவோர் கையில் இம்மருந்து புகுந்த கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். 1954-இல் வியன்னா நகரத்தில் நடந்த பந்தயத்தின்பொழுது, ரஷ்ய வீரர்கள் டெஸ்டோஸ்டெரோன் உபயோகிப்பதாக அமெரிக்க வைத்தியர் சீக்ளர் கேள்வியுற்றார். ஊர் திரும்பித் தம்மவர்க்கு மெத்தாண்டியனோன் மாத்திரை கொடுக்கத் தொடங்கினார். அளவை மீறி அவர்கள் விழுங்குவதைக் கண்டு பிற்காலத்தில் வருந்தினார். கிழக்கு ஜெர்மனியில் அரசாங்கமே திட்டமிட்டுச் சிறு பெண்களுக்கு இவ்வின மாத்திரையை, சத்து மாத்திரை என்று பெயரிட்டு விழுங்கச் செய்தது. அதனை நடத்திய தலைவர்கள் 2000-ஆம் ஆண்டில் பெர்லின் நீதிமன்றத்தில் குற்றவாளிகளென்று தீர்க்கப்பட்டனர். 1976-ஆம் ஆண்டு மாண்ட்ரியால் ஒலிம்பிக் பந்தயத்திலிருந்து இம்மருந்துக்குச் சோதனை உண்டு. 1988-இல் சியோல் நகரத்தில் நூறு மீட்டரை 9.79 விநாடியில் ஓடிய பென் ஜான்சன், மூன்று நாளில் பதக்கத்தை இழந்தது ஸ்டானசோலோல் என்னும் மருந்தினால்.

நோயற்ற ஆண்மகன் இவ்வூசியைப் போட்டுக்கொண்டால் தசை வளர்வது உண்மையே. இல்லையென்று கூறி இளைஞரை ஏமாற்ற நாம் விரும்பவில்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் நீரைக் கண்ட தேகம் தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும், ஊசியை நிறுத்திய பின் பல மாதம், சிலர்க்கு ஆண்டுகள்கூட, அது மீளாது. ஆண்மைக்காக வாங்கியது பிள்ளைப் பேற்றையே தடுக்கக் கூடும். நல்ல கொழுப்பு இறங்கும். இருதயத்தின் தசை தடிக்கும். இந்நாட்டு இந்தியரிடையே நீரிழிவும் இருதய நோயும் முன்னரே மிகுந்திருக்கும்பொழுது, அந்தச் சுமையின்மேல் இச்சுமையையும் ஏற்ற வேண்டுமா என்று நாம் வினவுகின்றோம்.

இக்கட்டுரையின் பெரும்பகுதியை எழுதி முடித்த பின்னர் அப்பையனைக் கோலா கங்சாருக்கு மீண்டும் வரச் சொன்னோம். மேற்கூறியவற்றை அவருக்குப் படித்துக் காட்டினோம். பாட்டனாரின் புழுவையும் சோகையையும் பற்றிக் கேட்டபொழுது, “தாத்தா கடைசி வரைக்கும் செருப்புப் போட்டதில்லை, அண்ணே” என்று மெதுவாகக் கூறினார். தாம் நாளும் உண்பது என்ன என்று வினவினோம். காலையில் தேநீரும் ரொட்டியும், பகலில் சோறும் குழம்பும், இரவில் மீ கோரெங். முட்டை வாரத்துக்கு இரண்டோ மூன்றோ என்றார். வேலையிலும் பயிற்சியிலும் அவருக்கு உண்டாகும் சோர்வுக்கு இரத்தப் பரிசோதனை செய்துகொண்டதுண்டா என்று கேட்டோம். இல்லை என்றார்.

குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்தோம். மலேசியாவில் இவ்வின மருந்துகள் 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின்கீழ் வருவன. வைத்தியர் சீட்டின்றி விற்பது குற்றம். பதிவு பெற்ற மருந்தின் உறைமேல் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும், ஒளியில் நிறம் மாறும் முத்திரைச் சீட்டும் இருத்தல் வேண்டும். அக்குப்பியின் உறையில் எண்ணும் இல்லை, முத்திரையும் இல்லை, செய்த ஊரின் பெயரும் எழுத்துப் பிழையோடு இருந்தது. எவ்வளவு கொடுத்து வாங்கினீர் என்றோம். நூற்றெண்பது வெள்ளி என்றார். பக்கத்து மேசையிலிருந்த கடைக்காரர் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தவர், அத்தொகைக்கு எத்தனை தட்டு முட்டை வரும் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். பையன் குப்பியை மேசைமேல் விட்டுவிட்டு, அரசாங்க ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்க்கும் நேரம் எது என்று நம்மிடம் கேட்டார்.